நாற்பத்து நான்காவது மிருகம்

வண்டிப் பட்டறையில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. பட்டிக்காரர் என்றால்தான் திரும்பிப் பார்ப்பார். எங்கேயோ முட்டி, எதன்மீதோ உரசி, கன்னம் ஒடுங்கி வந்து நிற்கிற வண்டிகளைத் தட்டி நிமிர்த்துவது வேறு ஆளின் வேலை. நிமிர்த்திய பிறகும் மிஞ்சுகிற பள்ளங்களில் பட்டி என்கிற கெட்டிப் பூச்சை வைத்து இழுத்து, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினாலும் எது தகரம் எது பட்டி என்று தெரியாதபடி ஆக்குவது இவர் வேலை. "நான் வெச்ச பட்டி உதிர்ந்ததா சரித்திரமே கிடையாது" என்று நாளைக்கு ஒரு தடவையாவது சொல்வார். அவர் வாயைத் திறக்கும்போதே பட்டறையில் இருக்கிற மற்றவர்கள் கோரஸாக அதைச் சொல்லி முடித்துவிடுவார்கள்.

பள்ளத்தைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. அலமாரிக் கதவில் ஒரு கீறல், மேசை ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்த இடம், குடியிருந்த வாடகை வீட்டின் சுவரில் யாரோ எப்போதோ அடித்த ஆணியின் ஓட்டை, எதையும் விட்டுவைக்க மாட்டார். வீட்டுக்காரருக்கே தெரியாமல் வீட்டைப் புதுசாக்கிக்கொண்டிருந்த ஒரே குடித்தனக்காரர் அவராகத்தான் இருப்பார். நல்ல குணம்தான். இந்த நல்ல குணம்தான் பிறகு அவரை ஒரேயடியாகக் கவிழ்த்தது.

அவர் மனைவி ஓர் அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் இருந்தார். அங்கே அவருக்குப் பைண்டிங்கம்மா என்று பெயர். அச்சடித்த தாள்களை மடித்து, வரிசைப்படி அடுக்கி, மெழுகு நூலால் தைத்து, முதுகில் பசை தடவுகிற வேலை. சாயங்காலம் வரும்போது, வண்ணம் விலகிப்போன வேஸ்ட் ஷீட்டுகளைச் சுருட்டிக் கையோடு கொண்டுவருவார். அலமாரித் தட்டில் விரிக்கலாம், ஜன்னல் துடைக்கலாம், மகள் பின்பக்கத்தில் படம் போடலாம். அப்படி வந்த ஒரு சுருளில்தான் அந்த மிருகம் இருந்தது.

உலகத்து நாட்டுப்புறக் கலைகளைப் பற்றிச் சிறுவர்களுக்காகப் போட்ட ஏதோ புத்தகத்தின் தாள் அது. மெக்சிகோ நாட்டில் காகிதக் கூழால் இல்லாத மிருகங்களைச் செய்வார்கள் என்று கீழே இரண்டு வரி. மேலே படம்: மாட்டுக்கொம்பு, சேவல்கொண்டை, பல்லி நாக்கு, உடம்பு முழுக்க வண்ண வண்ணமாகப் புள்ளி. ஆனால் படம் இரண்டு பக்கத்துக்கு நீண்டிருந்தது. கையில் இருந்ததோ முதல் பக்கம் மட்டும். மிருகத்தின் வயிற்றோடு தாள் முடிந்துவிட்டது. மறுபாதி நல்ல ஷீட்டாக அமைந்து, புத்தகத்துக்குள் போய்ச் சேர்ந்து, எந்த ஊர்க் கடையிலோ விற்றும் போயிருக்கும்.

"இதுக்குப் பின்னாடி என்ன இருக்கும்?" என்று கேட்டாள் ஆறு வயது மகள்.

"சிங்கத்து வால்" என்றார் பட்டிக்காரர்.

"சேவல் கொண்டைக்குச் சிங்கத்து வாலா? மீனாத்தான் இருக்கும்" என்றார் பைண்டிங்கம்மா.

சாப்பிட்டு முடிக்கும்வரை சண்டை. அந்த ஞாயிற்றுக்கிழமை பட்டிக்காரர் கட்டுக்கம்பியை வளைத்து, காகிதம் ஒட்டி, படத்தைப் பார்த்தே முன்பாதியைச் செய்தார். "பின்னாடியை நான் செய்றேன். சேர்க்கிற வரைக்கும் நீங்க பார்க்கக் கூடாது" என்று சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டார் அவர் மனைவி. சாயங்காலம் இரண்டையும் கொண்டுவந்து சேர்த்தால், முன்னால் குலைநடுங்க வைக்கிற பூதம், பின்னால் குளத்துக்குக் கிளம்பிய வாத்து. மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் மகளுக்கு விக்கல் எடுத்துவிட்டது.

அன்றிலிருந்து அதுவே அந்த வீட்டுச் சட்டம். பால் பாத்திரத்தின் மூடியைச் சுற்றிக் கம்பியை வளைத்து இரண்டு வளையம் எடுப்பார்கள். ஆளுக்கொன்று. அந்த வளையத்தின் அளவு ஒன்றுதான் பேசிக்கொள்வது. மற்றபடி மூச்சு விடக் கூடாது. அவர் பால்கனியில், அந்த அம்மா சமையலறையில். மைதாவில் மயில்துத்தம் சேர்த்துப் பூச்சி அரிக்காத பைண்டிங் பசையை அந்த அம்மா காய்ச்சுவார். பாதிப் பாத்திரம் பால்கனிக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமை மேசைமேல் இரண்டு பாதியையும் துணி மூடி வைத்து, ஒன்று இரண்டு மூன்று சொல்லித் திறப்பார்கள். பிறகு வளையத்தோடு வளையம் வைத்து அந்த அம்மா மெழுகு நூலால் தைப்பார். தையல்மேல் இவர் பட்டி வைத்து மறைப்பார். அடி வண்ணம் இவர், அதன்மேல் தீக்குச்சி முனையால் ஆயிரக்கணக்கான புள்ளி அந்த அம்மா. சேவலாமை, குதிரைப்பல்லி, ஆந்தைமீன் என்று மகள் பெயர் வைப்பாள். பத்தொன்பது வருடத்தில் நாற்பத்து மூன்று மிருகம். கட்டில் போட இடம் இல்லாமல் போனது தவிர யாருக்கும் எந்தக் குறையும் இல்லை.

தலைப்பக்கம் அவர், வால்பக்கம் அந்த அம்மா. இதை யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. முதல் நாள் அந்தத் தாளை முதலில் கைநீட்டி வாங்கியவர் அவர், அவ்வளவுதான். வீட்டுக்கு வருகிறவர்கள் மிருகத்தின் முகத்தைப் பார்த்து, "கண்ணு அப்படியே உயிரோட இருக்கே!" என்பார்கள். பட்டிக்காரருக்குத் தலைகால் புரியாது. வாலைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. குழந்தைகள் மட்டும் நேராகப் பின்பக்கம் ஓடிப்போய் வாலைப் பிடித்து இழுக்கும். ஒடிந்தால் இவர் பட்டி வைப்பார்.

மகள் பெரியவளாகி, கைப்பேசியில் மெக்சிகோ மிருகங்களின் படங்களை எடுத்துக் காட்டினாள். "அங்கெல்லாம் ஒரே ஆள்தான் முழுசா செய்றாங்கப்பா."

"அப்போ அவங்களுக்கு வீட்ல பேச்சுத்துணை இல்ல போலிருக்கு" என்றார் பட்டிக்காரர்.

பைண்டிங்கம்மா கைப்பேசியை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "முகமும் அவங்களே, வாலும் அவங்களேவா?" என்று மட்டும் கேட்டார்.

மூன்று தடவை அந்த அம்மா வாய்விட்டுக் கேட்டிருக்கிறார். பத்தாவது மிருகத்தின்போது, "என்னங்க, ஒரே ஒரு தடவை முகத்தை நான் செய்யட்டுமா?" என்றார். "உனக்கெதுக்கு அந்தத் தொல்லை? முகம்னா மயிரிழை பிசகினாலும் கோணிடும். வால் கோணினா யாரு கேக்கப் போறாங்க?" என்று சிரித்தார் இவர். இரண்டாவது தடவை, மகள் வேறு ஊரில் ஆசிரியை வேலை கிடைத்துக் கிளம்பிய மாதம். அப்போதும் ஏறக்குறைய இதே பதில். மூன்றாவது தடவை கேட்டபோது இவர் பால்கனியில் கொம்பு ஒட்டிக்கொண்டிருந்தார். "அடுத்ததுல பார்க்கலாம்" என்றார் திரும்பாமலே. அடுத்ததில் பார்க்கவில்லை. மனிதர் கெட்டவர் இல்லை. பெண்டாட்டி ஒரு சொல் சொன்னால் கொதிக்கிற வெயிலிலும் கடைக்குப் போய் வருகிறவர்தான். இதை மட்டும் அவர் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. கதை சொல்கிற எனக்கு அதில்தான் ஆத்திரம்.

அந்த அம்மாவுக்குக் கணையத்தில் கட்டி என்று தெரிந்தபோது, மிச்சம் இருந்தது நான்கு மாதம். அதை டாக்டர் சொல்லவில்லை. பிறகு எண்ணிப் பார்த்ததில் தெரிந்தது. முதல் இரண்டு மாதம் வீட்டில் இருந்தார். பட்டிக்காரர் அரைநாள் பட்டறைக்குப் போய் வருவார். ஒருநாள் கதவைத் திறந்ததும் பசை வாசனை.

"என்ன, சமையல்கட்டுல பசை காய்ச்சின மாதிரி இருக்கு?"

"மூக்கைப் பொத்திக்கிட்டு இருங்க. எட்டிப் பார்த்தீங்க, தெரியும் சேதி."

அவருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. வேலை செய்யத் தோன்றுகிறது என்றால் உடம்பு தேறுகிறது என்றுதானே அர்த்தம் என்று பட்டறையில் போய் எல்லோரிடமும் சொன்னார். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

ஆஸ்பத்திரியில் ஜன்னலோரப் படுக்கை கிடைத்தது. அந்த அம்மா ஒரு மத்தியானம் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். "அலமாரி மேல ஒண்ணு சுத்தி வெச்சிருக்கேன். நீங்க திறக்கக் கூடாது. நான் வந்துதான் திறப்பேன்."

"நீ வர்றதுக்குள்ள நான் தலையை முடிச்சு வெச்சுடறேன்."

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் வலிக்கும் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "இப்போ எதையும் ஆரம்பிக்காதீங்க. நான் வந்த அப்புறம் பார்த்துக்கலாம்."

நான் அலைந்து கஷ்டப்படக் கூடாது என்று சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டார் பட்டிக்காரர். பதினோரு நாள் கழித்து, அவர் கீழே டீ குடிக்கப் போயிருந்த பத்து நிமிடத்தில் அந்த அம்மா போய்விட்டார். மேலே வந்தபோது நர்ஸ் படுக்கையின் திரையை இழுத்துக்கொண்டிருந்தார். அந்த டீயை நினைத்து அவர் இன்றைக்கும் தன்னையே திட்டிக்கொள்கிறார்.

ஏழு வாரம் அந்தப் பொட்டலத்தைத் தொடவில்லை. திறக்கக் கூடாது என்று சொன்னவள் வந்து திறந்தால்தானே. அலமாரிக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்காருவார், அண்ணாந்து பார்ப்பார், எழுந்து போவார். எட்டாவது ஞாயிற்றுக்கிழமை, "இனிமே யாருக்காகக் காத்திருக்கிறது" என்று தானே சொல்லிக்கொண்டு ஸ்டூல் போட்டு ஏறினார்.

பழைய செய்தித்தாளைப் பிரித்ததும் இரண்டு பழுப்புப் பொத்தான்கள் உருண்டு கீழே விழுந்தன. எங்கிருந்து வந்ததோ என்று எடுத்து ஊசிப்பெட்டியில் போட்டார். உள்ளே மிருகம் இருந்தது. வண்ணம் பூசாத பாதி உடம்பு. வளையம் பால் பாத்திர மூடியின் அளவுக்கு அச்சாக இருந்தது. இரண்டு கால். காலுக்கு மேலே இரண்டு பக்கமும் அகலமான மீன்துடுப்பு. கடைசியில் கெட்டியான நீண்ட வால், முனை மேல்நோக்கிச் சுருண்டு. பாதங்களைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது. விரல்கள் எல்லாம் வால் இருக்கிற பக்கம் திரும்பியிருந்தன. "போற வழியை விட்டுட்டு வந்த வழியைப் பார்த்துக்கிட்டு நிக்குது பாரு" என்று காலி வீட்டில் சத்தமாகச் சொன்னார். குறும்புக்காரி. ஒரு தடவை முதலைக்கு முயல்வால் வைத்தவள்தானே. ஏழு வாரத்தில் அவர் சிரித்த முதல் சிரிப்பு அது.

அப்புறம் பழக்கதோஷத்தில் கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினார். வால் தொடங்குகிற இடத்தில், இந்தப்பக்கம் ஒன்று அந்தப்பக்கம் ஒன்று, கட்டைவிரல் நுனி அளவுக்கு இரண்டு குழி. வாலுக்குக் கீழே குறுக்காக ஒரு விரிசல்.

பட்டிக்காரர் தரையில் உட்கார்ந்து அழுதார். முப்பது வருடம் புத்தகம் தைத்த கை. தையல் ஒரு நூல் தள்ளிப் போனால் பிரித்துத் திரும்பத் தைக்கிற கை. அந்தக் கையால் செய்ததில் குழி விழ விட்டிருக்கிறாள், விரிசல் விட விட்டிருக்கிறாள் என்றால் எவ்வளவு நடுங்கியிருக்கும். ஊர் பார்த்து, கடைசி வேலை சரியில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. மறுநாள் பட்டறையிலிருந்து உயர்ந்த ரகப் பட்டியைக் கேட்டு வாங்கிவந்தார், வண்டிக்குப் போடுவது. பட்டியை இறுக வைக்கிற ஹார்டனர் கலந்து, இரண்டு குழியையும் விரிசலையும் அழுத்தி நிரப்பி, மூன்று தடவை தேய்த்தார். விரல் வைத்தால் தெரியாத அளவுக்கு. கன்னத்தைத் தடவுவது போலத் தடவித் தடவித் தேய்த்தார்.

தலையைச் செய்ய நான்கு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. அவர் செய்ததிலேயே அதுதான் உசத்தி. மானின் கொம்பு, பருந்தின் மூக்கு, நிறையப் பார்த்துக் களைத்த மாதிரி இரண்டு கண். ஊசிப்பெட்டியிலிருந்து பைண்டிங் ஊசியை எடுத்து அவரே தைத்தார், விரலெல்லாம் குத்திக்கொண்டார். புள்ளி வைக்கவும் அவரே உட்கார்ந்தார். தீக்குச்சியில் வண்ணம் அதிகமாகி ஒழுகியது. எப்படியோ முடித்து, வரவேற்பறை அலமாரியில் நடுநாயகமாக வைத்தார்.

அடுத்த வாரம் மகள் வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்காமல் அலமாரிமுன் நின்றாள்.

"அப்பா, இது எப்போ செஞ்சது?"

"அம்மாவோட கடைசி வேலைம்மா. தலை மட்டும் நான் வெச்சேன். எப்படி இருக்கு?"

அவள் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். முட்டி போட்டு உட்கார்ந்து வால் தொடங்குகிற இடத்தில் விரலை வைத்தாள். "இங்க ரெண்டு குழி இருந்திருக்கணுமே?"

அவர் முகம் மலர்ந்தது. "எப்படிக் கண்டுபிடிச்சே? விரல் வெச்சாக்கூடத் தெரியாதே! அம்மாவுக்குக் கை நடுங்கியிருக்கும்மா, பாவம். ரெண்டு குழி, ஒரு விரிசல். எல்லாத்தையும் அடைச்சுட்டேன். இனி ஜென்மத்துக்கும் உதிராது."

மகள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா நினைப்பில் அழுகிறாள் என்று அவர் தண்ணீர் கொண்டுவரப் போனார். திரும்பி வந்தபோது அவள் கைப்பேசியை நீட்டினாள். அம்மா அனுப்பிய படம்.

சமையலறை மேடை. பசைக் கிண்ணம். நடுவில் அதே பாதி உடம்பு, இந்தப் பக்கம் பார்த்தபடி. அவர் வால் என்று நினைத்தது தும்பிக்கை. துடுப்பு என்று நினைத்தது காது. விரிசல், லேசாகச் சிரிக்கிற வாய். பாதங்கள் சரியாக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தன. இரண்டு குழியிலும் இரண்டு பழுப்புப் பொத்தான். அவருடைய பழைய பட்டறைச் சட்டையின் பொத்தான்கள். அந்தச் சட்டையின் கைப்பொத்தான் இரண்டும் எங்கே போயின என்று அப்போதே கேட்டிருக்கிறார், அந்த அம்மா தெரியாது என்று சொல்லியிருக்கிறார்.

படத்துக்குக் கீழே எழுதியிருந்தது: "இந்தத் தடவை முகம் நான். அப்பாகிட்ட மூச்சு விடாதே. திறக்கும்போது அவர் மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பார்க்கணும்."

பட்டிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"பத்தொன்பது வருஷமா வாலைத்தானே குடுத்தீங்க அவங்களுக்கு" என்றாள் மகள். "ஒரே ஒரு முகம் செஞ்சாங்க. அதையும் பூசி வால் ஆக்கிட்டீங்களேப்பா."

கொஞ்ச நேரத்தில் மகளே வந்து அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். "நான் முன்னாடியே சொல்லியிருக்கணும். திறந்தா உங்களுக்கே தெரிஞ்சுடும்னு நெனச்சேன்."

"தெரிஞ்சிருக்கணும்தானேம்மா" என்றார் பட்டிக்காரர். "யாரா இருந்தாலும் தெரிஞ்சிருக்கும்."

அன்று மத்தியானமே இரும்பறுக்கிற ஹாக்ஸா பிளேடை எடுத்தார். மகள் பிடித்துக்கொள்ள, தையலோடு தையலாக அறுத்து, தன் தலையைத் தனியே எடுத்துப் பால்கனியில் வைத்தார். வண்ணத்தைத் தேய்த்து எடுத்தார். அதுவரைக்கும் சுலபம். அப்புறம்தான் பட்டி.

வாழ்க்கையில் முதல் தடவையாகத் தான் வைத்த பட்டியைத் தானே எடுக்க உட்கார்ந்தார். வண்டித் தகரத்தோடு போட்டி போடுகிற பட்டி அது. சுற்றிலும் இருப்பதோ வெறும் காகிதம். மெல்லிய உளி, ஊசி, பிளேடு, எல்லாம் பார்த்தார். பொடிப்பொடியாகச் சுரண்டி வலது கண்ணைத் திறக்க இரண்டு மணி நேரம் ஆனது. பொத்தானை வைத்துப் பார்த்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. மகள் கைதட்டாத குறை. அந்தத் தெம்பில் இடது கண்ணில் உளியைக் கொஞ்சம் அழுத்திவிட்டார். பட்டி வந்தது. தன்னோடு கன்னத்தையும் பிய்த்துக்கொண்டு வந்தது.

உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. கிழிந்த ஓரத்தில், அந்த அம்மா ஒட்டிய வேஸ்ட் ஷீட்டின் அச்செழுத்துகள் தெரிந்தன. எனக்கென்று ஏதாவது எழுதி உள்ளே வைத்திருப்பாளோ என்று ஒரு நப்பாசை. கண்ணாடியை மேலே தூக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். சொட்டுநீர்ப் பாசனத்தைப் பற்றி ஏதோ.

"போதும்பா. விட்டுடுங்க" என்றாள் மகள்.

வாயைத் தொடவில்லை. தொட்டால் மிச்ச முகமும் போய்விடும். அந்தச் சிரிப்பு பட்டிக்கு உள்ளேயே இருக்கிறது. உதிராது என்று அவருக்குத் தெரியும்.

மகள் ஊருக்குப் போன பிறகு, பால் பாத்திர மூடியைக் கழுவித் துடைத்து, கம்பியைச் சுற்றி வளையம் எடுத்தார். முதல் தடவையாகப் பின்பாதி செய்ய உட்கார்ந்தார். பால்கனியில் இல்லை, சமையலறையில். பசையை அவரே காய்ச்சினார்; அடிப்பிடித்தது. இரண்டு கால், ஒரு முதுகு, ஒரு வால், இதில் என்ன பிரமாதம் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தார். சேர்த்து நிறுத்திப் பார்த்தால் மிருகம் நிற்கவில்லை. முன்பக்கம் கனத்து, முகம் குப்புற விழுந்தது. காலைப் பெரிதாக்கினார், விழுந்தது. வாலை நீட்டினார், அப்போதும் விழுந்தது.

அலமாரியில் இருந்த ஆந்தைமீனை எடுத்து, பின்காலைக் கையில் எடை பார்த்தார். கனமாக இருந்தது. அந்தக் கனம் அவருக்குப் புதிதில்லை. "காகிதத்தை இப்படியா அள்ளி அப்புவே?" என்று எத்தனையோ தடவை கிண்டல் செய்திருக்கிறார், அந்த அம்மா பதில் சொன்னதில்லை. இப்போது பாதத்தின் அடியில் சின்னதாக ஒரு துளை போட்டுப் பார்த்தார். உள்ளே கூழாங்கல். பசை போட்டுக் காகிதத்தில் சுற்றி, அசையாமல், சத்தம் வராமல் வைத்திருந்தது. சேவலாமையை எடுத்தார். குதிரைப்பல்லியை எடுத்தார். ஒவ்வொன்றாக நாற்பத்து மூன்றையும் இறக்கித் தரையில் வைத்துக் கையில் தூக்கித் தூக்கிப் பார்த்தார். எல்லாவற்றின் பின்காலிலும் கல் இருந்தது. கொம்பும் கொண்டையும் மூக்கும் வைத்து அவர் கனக்கக் கனக்கச் செய்த தலைகளையெல்லாம், விழுந்துவிடாமல் அந்த அம்மா பின்னால் இருந்து பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். அதற்கும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மிருகங்களுக்கு நடுவில் உட்கார்ந்து, விக்கி விக்கி அழுதார். ஆஸ்பத்திரியில்கூட அப்படி அழவில்லை.

தெருக்கோடியில் கட்டடம் கட்டுகிற இடத்தில் இரண்டு கல் பொறுக்கி வந்தார். ஒன்று பெரிதாகி, மாற்றி, மறுபடி மாற்றி, மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மிருகம் நின்றது. பொத்தான்களை ஒட்டினார். வலது கண் நன்றாகப் பார்த்தது. இடது பொத்தானை உட்கார வைக்க இடம் இல்லை; ஓட்டையின் ஓரத்தில் மெழுகு நூலால் கட்டித் தொங்கவிட்டார். ஓட்டையை அப்படியே விட்டார். பட்டி டப்பா பக்கத்திலேயே இருந்தது, கை இரண்டு மூன்று தடவை அதன் பக்கம் போய் வந்தது. தையலையும் மறைக்கவில்லை.

வண்ணம் பூசாமலே மேசைமேல் வைத்து, முகத்தைச் சமையலறைப் பக்கம் திருப்பினார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். பழைய வழக்கப்படி துணியால் மூடினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று தானே சொல்லித் தானே எடுத்தார். பின்னால் தள்ளி நின்று பார்த்தார். முகம் நேராக இருந்தது. அந்த அம்மா வைத்த இடத்தில் மயிரிழை பிசகாமல் நேராக இருந்தது. இவர் வைத்த வால்தான் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"வால் கொஞ்சம் கோணிடுச்சு" என்றார், சமையலறைக்குக் கேட்கும்படி.

அங்கேயே நின்று காத்திருந்தார். யாரும் கேட்கவில்லை.